பேட்டரி ஆனோடுக்கு 3000 டிகிரியில் வெந்த கிராஃபைட் அவசியமா?

சுரங்கவாசி:
லித்தியம் அயனி பேட்டரியின் ஆனோடுக்குப் (சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்கும் எதிர்முனை) போகும் கிராஃபைட்டில் பெரும்பங்கு இன்று செயற்கை. கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடைக் கோக் என்னும் கெட்டிக் கரியாக்கி, அதை 2800 முதல் 3000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, கார்பன் அணுக்களை அடுக்கடுக்காக ஒழுங்குபடுத்தித்தான் அதைச் செய்கிறார்கள். இதே அடுக்கைப் பூமி என்றோ செய்து மண்ணுக்குள் வைத்திருக்கிறது. கொள்ளளவிலும் இயற்கைச் சரக்கு இளைத்ததில்லை. கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி என்பது கோட்பாட்டு உச்சம். நல்ல இயற்கை கிராஃபைட் 360ஐத் தொடுகிறது, செயற்கையில் பல ரகங்கள் 350ஐ ஒட்டியே நிற்கின்றன. விலையும் குறைவு. அப்புறம் எதற்கு இந்த அடுப்பு? எனக்கு இது வெறும் பழக்கதோஷமாகவே படுகிறது. மறுப்பவர்கள் வரலாம்.

கோக்அடுப்பு:
வந்துவிட்டேன். "பூமி செய்து வைத்திருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சுரங்கத்திலிருந்து வருவது ஆனோடு பொருள் இல்லை சார், பாறை. அதைப் பொடித்து, நுரையில் மிதக்கவைத்துப் பிரித்தால் 95% சுத்தத்துக்கு வரும். பிறகு அந்தச் செதில்களை அரைத்து, மடித்து, உருட்ட வேண்டும். இந்த உருட்டலில் பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துபோவது சர்வசாதாரணம். மிஞ்சியதை 99.95% சுத்தமாக்க வழக்கமான வழி ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். தோலில் பட்டால் எலும்பு வரை போகும் சமாச்சாரம் அது. அதற்கும் பிறகு பிட்ச் என்னும் தார் போன்ற பொருளைப் பூசி, ஆயிரம் டிகிரிக்கு மேல் ஒரு சூடு. ஆக, அடுப்பு உங்கள் பக்கமும் இருக்கிறது. எங்கள் அடுப்பில் 3000 டிகிரியில் உலோக அசுத்தங்கள் தாமாகவே ஆவியாகிவிடும், அமிலம் தேவையில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஆயுள். கிராஃபைட் செதில் தட்டையானது. செம்புத் தகட்டின் மேல் பசையாகப் பூசி, உருளையால் அழுத்தும்போது செதில்கள் எல்லாம் படுத்துக்கொள்ளும். லித்தியமோ செதிலின் விளிம்பு வழியாகத்தான் உள்ளே போகும். படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு செதிலையும் சுற்றிக்கொண்டுதான் அடுத்ததற்குப் போயாக வேண்டும். செயற்கையில் சின்னச் சின்னக் கோக் துகள்களைப் பல திசைகளில் ஒட்டவைத்து ஒரே மணியாக்கலாம். வழி குறுகும், வீக்கமும் ஒரே திசையில் சேராது. வேகச் சார்ஜுக்கு அதைத் தேடிப் போவதற்குக் காரணம் பழக்கதோஷம் இல்லை.

புதியவன்:
நடுவில் ஒரு சந்தேகம். செதிலின் விளிம்பு வழியாகத்தான் போகும் என்கிறீர்கள். அகலமான முகம் முழுக்கச் சும்மாதானே இருக்கிறது, அதன் வழியாக ஏன் போகாது?

அரைச்செல்:
முகம் என்பது அறுகோணமாகப் பின்னிய கார்பன் வலை. ஒவ்வொரு அறுகோணத்தின் நடுவிலும் இருக்கும் இடைவெளி லித்தியம் நுழையப் போதாது. வலை கிழிந்த இடம் இருந்தால் நுழையும், இல்லாவிட்டால் விளிம்புதான் வாசல். உள்ளே போனதும் அடுக்குகளுக்கு இடையில் உட்காரும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம், அதற்கு மேல் இடமில்லை. அந்த 372 என்ற எண் வருவது இந்தக் கணக்கிலிருந்துதான். அடுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டரிலிருந்து 0.370 வரை விரியும், ஏறக்குறைய 10%.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முழுக்கச் சார்ஜ் செய்த செல்லை ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பிரித்தால் ஆனோடு கறுப்பாக இருக்காது, தங்க நிறத்தில் மின்னும். பாதி சார்ஜில் செம்பழுப்பு, அதற்கும் கீழே நீலம், காலியானால்தான் பழைய கறுப்பு. அந்தத் தங்கத் தகட்டில் அங்கங்கே சாம்பல் திட்டு தெரிந்தால் கவலைப்பட வேண்டும். அது உள்ளே போக முடியாமல் மேலேயே படிந்துபோன லித்தியம் உலோகம். கிராஃபைட் வேலை செய்யும் மின்னழுத்தம் லித்தியத்தைவிட வெறும் 0.1 வோல்ட்தான் மேலே. அவசரமாகச் சார்ஜ் ஏற்றினாலோ குளிரில் ஏற்றினாலோ அந்தச் சின்ன இடைவெளி காணாமல் போய்விடும்.

இரண்டு பேர் சண்டையிலும் நான் இல்லை. திட்டு விழுவதும் விழாததும் கிராஃபைட்டின் பிறப்பை மட்டும் பொறுத்ததில்லை. மேற்பரப்பு எவ்வளவு, பூச்சு எப்படி, எவ்வளவு அழுத்தினார்கள், துளை எவ்வளவு மிச்சம், இவைதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கும்.

சுரங்கவாசி:
கோக்அடுப்பு சார், செதில் படுத்துக்கொள்ளும் என்பது உருட்டாத சரக்குக்கு முழு உண்மை. உருட்டிய பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் 10, 20 மைக்ரானில் உருளைக்கிழங்கு மாதிரித்தான் கிடக்கும். விளிம்புகள் பல பக்கமும் திரும்பியிருக்கும். மேலே கார்பன் பூச்சு போட்டால் முதல் சுழற்சித் திறன் (முதல் தடவை ஏற்றிய சார்ஜில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 90%ஐத் தாண்டும். கழிந்த தூளும் குப்பைக்குப் போவதில்லை, மசகு, உலைச் செங்கல், எஃகு ஆலை என்று எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அமிலம் பிடிக்காதவர்கள் காரத்தோடு சேர்த்து வறுத்துச் சுத்தம் செய்யும் முறையும் உண்டு.

உங்கள் அடுப்பைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். எட்வர்ட் அச்சிசன் 1890களில் போட்ட உலையின் வடிவம்தான் இன்றும் பல ஆலைகளில் ஓடுகிறது. சரக்கைச் சுற்றிக் கோக்கை நிரப்பி, அதன் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடாக்குவது. சரக்கோடு சேர்ந்து சுற்றியிருப்பதும் வேகும். ஏற்றி, சூடாக்கி, ஆறவிட்டு, எடுப்பதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் பேட்டரி பிறக்கும் முன்பே கரி பூசிக்கொள்கிறது.

சிலிக்கான்_பித்தன்:
இரண்டு பேரும் தீர்ந்துபோன பொருளுக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். 372இல் 360 வந்தாயிற்று, இனி கறக்க ஒன்றுமில்லை. சிலிக்கான் கிராமுக்கு 3579. கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இயற்கையா செயற்கையா என்பதெல்லாம் போன தலைமுறைக் கேள்வி.

கோக்அடுப்பு:
பத்து மடங்கு என்றதும் பேட்டரியே பத்து மடங்கு ஆகிவிடும் என்று யாராவது நம்பிவிடப் போகிறார்கள். எதிரே இருக்கும் நேர்முனையான கேத்தோடு இன்னும் கிராமுக்கு 200 வாக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடைக்குக் கணக்குப் போடுங்கள். 200க்கு எதிரே கிராஃபைட்டின் 360 இருந்தால் சேர்ந்த மதிப்பு 129. ஆனோடை 1000 ஆக்கினால் 167. அதையே 3000 ஆக்கினாலும் 187தான். ஆயிரத்துக்கு மேல் போவதற்குப் படும் பாடு முழுவதற்கும் கூலி அந்த 20. இதுவும் லித்தியத்தைத் தாங்கும் பொருளின் எடைக்கு மட்டும். தகடு, அயனியைக் கடத்தும் திரவம், உறை எல்லாம் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். இதற்காக 300% வீங்கும் பொருளைக் கட்டி மேய்க்க வேண்டும். சந்தையில் சிலிக்கான் வருவதே பெரும்பாலும் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலந்துதான்.

சிலிக்கான்_பித்தன்:
எடையை மட்டும் பேசி ஏமாற்றாதீர்கள். அதே சார்ஜை மெல்லிய பூச்சில் வைக்க முடிந்தால் அயனி போகும் தூரம் குறைகிறது. மின்னழுத்தமும் கிராஃபைட்டைவிடக் கொஞ்சம் மேலே, அதனால் அரைச்செல் சொன்ன சாம்பல் திட்டு விழும் பயம் குறைவு.

வீக்கம் தீராத நோய் என்று சொல்பவர்கள் பழைய கதையையும் பார்க்க வேண்டும். கிராஃபைட்டுக்குள் லித்தியத்தை மின்வேதி முறையில் ஏற்றி இறக்கலாம் என்று விஞ்ஞானி ரஷீத் யாசமி 1980களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். ஆனால் அன்றைய வழக்கமான புரோப்பிலீன் கார்பனேட் திரவத்தில் அடுக்குகள் உரிந்து கிராஃபைட் நாசமாகும். 2019இல் நோபல் வாங்கிய அகிரா யோஷினோ 1985இல் எடுத்துக்கொண்டது பெட்ரோலியம் கோக்கை. 1991இல் சோனி சந்தைக்கு விட்ட முதல் பேட்டரியிலும் இருந்தது கிராஃபைட் இல்லை, வேறு கார்பன். எத்திலீன் கார்பனேட் என்னும் வேறு திரவம் வந்த பிறகுதான் கிராஃபைட்டுக்கு வாழ்வு. உங்கள் கிராஃபைட்டும் ஒரு காலத்தில் உதவாக்கரைதான்.

அரைச்செல்:
வரலாறு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு இடிக்கிறது. எத்திலீன் கார்பனேட் செய்த வேலை என்ன? முதல் சார்ஜில் கொஞ்சம் சிதைந்து, துகளின் மேல் ஒரு படலமாகப் படிந்தது. லித்தியத்தை விடும், திரவத்தை விடாது. அந்தப் படலம் நிலைத்து நின்றதற்குக் காரணம் கிராஃபைட் 10% மட்டுமே விரிவது. சிலிக்கான் விரியும் விரிவில் படலம் கிழியும், புதுப் படலம் படியும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லித்தியம் செலவாகும்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று பாருங்கள். சுழற்சிக்கு 99.9% திரும்பி வந்தால் கேட்க நன்றாக இருக்கிறது. 500 சுழற்சியில் மிஞ்சும் லித்தியம் 61%. ஆயிரத்தில் 37%. அதுவே 99.98% என்றால் ஆயிரத்திலும் 82% இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தில்தான் ஆனோடின் தலையெழுத்து. லித்தியம் உலோகத்தை எதிரே வைத்துச் சோதிக்கும் அரைச்செல்லில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் எதிரே லித்தியம் வற்றாமல் இருக்கிறது. நீங்கள் காட்டும் அழகான கோடுகளில் பல அந்த வகை. கேத்தோடை எதிரே வைத்த முழுச் செல்லில் போட்டதைக் காட்டினால் வாதாடலாம்.

புதியவன்:
ஒரு காருக்கு எவ்வளவு கிராஃபைட் வேண்டும்?

அரைச்செல்:
ஒரு கிலோவாட் மணியை 3.7 வோல்ட்டால் வகுத்தால் 270 ஆம்பியர் மணி. கிராமுக்கு 350 என்றால் 770 கிராம். கேத்தோடைவிட ஆனோடை ஒரு 10% கூடுதலாக வைப்பார்கள், அப்போது 850. இரும்பு பாஸ்பேட் ரகத்தில் வோல்ட் குறைவு, ஆகவே ஒரு கிலோவை நெருங்கும். 60 கிலோவாட் மணி கார் என்றால் 50 கிலோவுக்குக் குறையாது. பேரில் லித்தியம் இருந்தாலும் எடையில் அதைவிடப் பல மடங்கு இருப்பது கிராஃபைட்.

சுரங்கவாசி:
இந்த 50 கிலோதான் என் கவலையே. ஆனோடு தரத்துக்கு கிராஃபைட்டைப் பதப்படுத்தும் வேலையில் 90%க்கு மேல் சீனாவிடம். 2023 டிசம்பரிலிருந்து ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று விதியும் போட்டார்கள். மொசாம்பிக், மடகாஸ்கர் போன்ற இடங்களில் நல்ல செதில் கிடைக்கிறது. வேறு நாடுகள் சொந்தக் காலில் நிற்க அது ஒரு வாசல்.

கோக்அடுப்பு:
செதில் கிடைப்பதும் உருட்டிப் பூசிய மணி கிடைப்பதும் வேறு வேறு. நீங்கள் சொல்லும் அந்த 90%, உருட்டும் ஆலைகளையும் சேர்த்துத்தான். சுரங்கம் திறந்தவுடன் பிரச்சினை தீராது. நீடில் கோக்கும் (ஊசி போன்ற அமைப்புள்ள உயர்ரகக் கோக்) மின்சாரமும் இருக்கும் எந்த நாடும் அடுப்பு போடலாம், அதற்கு மண்ணுக்குள் செதில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இன்னொன்று, பல ஆலைகள் இரண்டையும் கலந்துதான் பூசுகின்றன. கொள்ளளவுக்கு இயற்கை, ஆயுளுக்குச் செயற்கை. இயற்கையே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. வேகச் சார்ஜ் வண்டியில் அதன் பங்கு பாதியைத் தாண்டக்கூடாது என்பதுதான் என் கட்சி.

சுரங்கவாசி:
பாதி என்ற கோட்டை எங்கிருந்து எடுத்தீர்கள்? தினம் இரவு நிதானமாகச் சார்ஜ் ஏறும் வண்டிக்கும் வீட்டு மின்சேமிப்புக்கும் அந்தக் கோடு எதற்கு? ஒரே அடர்த்திக்கு அழுத்திய இரண்டு தகடு, ஒரே திரவம், முழுச் செல், 0 டிகிரியில் சார்ஜ். இயற்கை எத்தனையாவது சுழற்சியில் விழுகிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள்.

கோக்அடுப்பு:
0 டிகிரியில் எதைப் போட்டாலும் சாம்பல் திட்டு விழும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 25 டிகிரி, அரை மணியில் முழுச் சார்ஜ், 800 சுழற்சி. தகட்டின் தடிமன் எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்து அளப்போம். சம்மதமா?

சுரங்கவாசி:
தடிமன் அளக்கலாம். அரை மணிக்குச் சம்மதமில்லை, ஒரு மணி நேரம். அரைச்செல் நடுவராக இருக்கட்டும்.

அரைச்செல்:
இரண்டையும் ஓட்டுவேன். பூச்சுப் போட்ட சரக்கைத்தான் இரண்டு பேரும் தர வேண்டும், மேற்பரப்பு அளவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிலிக்கான்_பித்தன்:
மூன்றாவதாக 10% சிலிக்கான் ஆக்சைடு கலந்த ஒரு தகட்டையும் போடுங்கள்.