மூன்று வயதுக் குழந்தைக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டலாமா?

பெரம்பூர் அம்மா:
அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் பகலில் அத்தைதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். கைப்பேசியைக் கொடுக்காமல், அரசுத் தொலைக்காட்சிகளில் வரும் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை மட்டும் காட்டலாமா என்று யோசிக்கிறோம். இந்த வயதில் அவள் அதிலிருந்து ஏதேனும் கற்றுக்கொள்வாளா? அத்தையிடம் நான் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

அங்கன்வாடிப் பணியாளர், வியாசர்பாடி:
கற்றுக்கொள்வாள் சகோதரி, ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. எங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகள் சிலர், தொலைக்காட்சியில் கேட்டதை அப்படியே ராகம் போட்டு ஒன்று முதல் பத்து வரை சொல்லிவிடுவார்கள். ஆனால் ஐந்து புளியங்கொட்டை எடுத்துக் கொடு என்றால் கை நிறைய அள்ளி நீட்டுவார்கள். ஒவ்வொரு கொட்டையாக எடுத்து வைத்து, நாமும் கூடவே எண்ணும்போதுதான் ஐந்து என்பது அவர்களுக்குப் பிடிபடுகிறது. நிகழ்ச்சி முடிந்ததும் அணைத்துவிட்டு, அதில் பார்த்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம் அவளோடு பேசும்படி அத்தையிடம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஒளிபரப்பு ஊழியர், கே.கே. நகர்:
சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1975-76-இல் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பானபோது (தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை), காலையில் சிறுவர்களுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் எனத் தனித்தனியே நேரம் ஒதுக்கப்பட்டது. பிள்ளைக்குச் சொல்வதைப் போலவே வளர்ப்பவருக்கும் சொல்ல வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தோம். 2019 ஆகஸ்ட் 26 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மாணவர்களுக்குப் பேருதவியாக இருந்தது. எனினும் அதன் கவனம் பெரும்பாலும் வகுப்புப் பாடங்களின் மீதே உள்ளது. பள்ளிக்குப் போகாத பிள்ளையை வைத்துக்கொண்டு பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பாட்டிக்கென்று தினமும் அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துண்டுப் பிரசுரம் படிக்க இயலாதவரிடமும் தொலைக்காட்சி பேசும்.

பெரம்பூர் அம்மா:
மிக்க நன்றி. அத்தைக்குக் கண் பார்வை சற்று மங்கல். எழுதிக் கொடுத்தால் படிக்கச் சிரமப்படுவார். ஐயா சொல்வது போன்ற நிகழ்ச்சி இருந்தால் நிச்சயம் பார்ப்பார். மதியம் அவர் தொடர் பார்க்கும்போது குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தால் பரவாயில்லையா?

அங்கன்வாடிப் பணியாளர், வியாசர்பாடி:
அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும். தொலைக்காட்சி சத்தமாக ஓடும் வேளையில் வீட்டுப் பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் சொற்கள் குறைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த வயதில் பேச்சு வளர்வதே அந்தச் சொற்களால்தான். அத்தையின் பொழுதுபோக்கை அடியோடு நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. குழந்தை மதியம் தூங்கும் நேரத்துக்குத் தொடரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.