குளிரில் மட்டும் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) நேர்ரோட்டிலேயே பிரேக் பிடிக்கிறது, மைலேஜும் சரிவு

2014 மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், முன்சக்கர டிரைவ். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால், கிளம்பிய முதல் ஏழெட்டு கிலோமீட்டருக்கு இஎஸ்சி விளக்கு மினுக்குகிறது. பனியே இல்லாத நேர்ரோட்டில், 60 வேகத்தில், வலது முன்சக்கரத்தில் பிரேக் லேசாகக் கவ்வி விடுகிறது. உள்ளே சூடு ஏறியதும் ஒன்றுமே இல்லை. டிசம்பரிலிருந்து இப்படி. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 10.5 கொடுக்கிறது.

பார்த்தவை: நான்கும் ஒரே சைஸ் வின்டர் டயர், ஓட்டுமுன் காற்று 33 பிஎஸ்ஐ. வீல் ஸ்பீடு சென்சார்களைக் கழற்றி, அடியில் படிந்த துருவைச் சுரண்டியாயிற்று. நேராக வைத்தும் ஸ்டீயரிங் ஆங்கிள் 4 டிகிரி காட்டியது. அலைன்மென்ட் செய்து பூஜ்யமாக்கியும் மாற்றமில்லை. பேட்டரி சரி. காலிப்பர் ஸ்லைடு பின் இறுகவில்லை, சக்கரம் கையால் தாராளமாகச் சுற்றுகிறது. கூலன்ட் 70 டிகிரியைத் தாண்டாததால் தெர்மோஸ்டாட் மாற்றினேன், மைலேஜ் 11.5 ஆனது, அவ்வளவுதான். குளிரில் கொஞ்சம் குறையும்தான், ஆனால் இவ்வளவு இல்லை. ஃபால்ட் கோடு எதுவும் பதியவில்லை.

ஸ்கேனரில் ஒன்று மட்டும் உறுத்துகிறது: வண்டி நிற்கும்போதே யா ரேட் சென்சார் (வண்டி இடவலமாகத் திரும்பும் வேகத்தை அளப்பது) குளிரில் விநாடிக்கு 2 டிகிரி காட்டி, சூடானதும் பூஜ்யத்துக்கு வருகிறது. விலையுள்ள பாகம், சும்மா மாற்ற மனமில்லை.

புதுசு வாங்கும் முன், பழுது இதில்தான் என்று உறுதி செய்ய என்ன சோதனை செய்யலாம்?