அப்பாவின் விரல் நீலமாகிறது, வெந்நீரில் நனைத்தால் ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறது: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, முப்பது வருஷம் பீடி குடித்தவர். பத்து நாளாக விடியற்காலையில் அவர் விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 88 காட்டும். வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்தால் நிறம் திரும்பிவிடும், எண்ணும் 95-க்கு வந்துவிடும்.

குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்தம் மெதுவாக ஓடும்போது, விரல் திசு அதிலிருக்கும் ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அதனால் விரல் மட்டும் நீலமாகலாம் என்றார் டாக்டர். உதடும் நாக்கும் நீலமானால் உடனே வரச் சொன்னார். அங்கேதான் எனக்குத் தடுமாற்றம். அப்பா நல்ல கறுப்பு, உதட்டில் பீடிக் கறை வேறு. நாக்கையும் கண் இமையின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், பிடிபடவே இல்லை. ரத்தசோகையும் இருக்கிறது, அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் நீலம் வெளியே தெரியாமல் போகலாமாம்.

கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அதிலிருந்து அந்த 95-ஐ நம்பவும் பயமாக இருக்கிறது.

நர்ஸாக இருப்பவர்களே, நம் நிறத்துக்காரர்களிடம் நீலத்தை எங்கே, எந்த வெளிச்சத்தில் பார்ப்பீர்கள்? காது மடலில் மாட்டும் கருவி குளிரில் சரியாகக் காட்டுமா? மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஏபிஜி பரிசோதனை வயதானவர்களுக்கு ரொம்ப வலிக்குமா? திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம், அதற்குள் சொன்னால் கேட்க வேண்டியதைக் குறித்துக்கொள்வேன்.