ஷார்ட்ஸ், ரீல்ஸ் சோதனை: முதல் 3 நொடியை எப்படி அளப்பது?

கத்தரி:
யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் என்ற குறுவீடியோக்களில் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இசை, நீளம், தலைப்பு, முதல் காட்சி நான்கையும் ஒன்றாகவே மாற்றிவிடுகிறார்கள். இரண்டாவது நன்றாக ஓடினாலும் எது ஓட வைத்தது என்று சொல்ல வழியில்லை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பதே லாபம், ஏனென்றால் பார்ப்பவர்களில் அதிகம் பேர் கைநழுவுவது அங்கேதான்.

வீடியோவின் உடற்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு தொடக்கத்தை மட்டும் மூன்று விதமாக எடுங்கள். முடிந்த பொருளை முதலில் காட்டுவது ஒன்று. எல்லோரும் செய்கிற தவற்றைக் காட்டுவது இன்னொன்று. நேராகக் கேள்வி கேட்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில், அதே வெளிச்சத்தில் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்து எடுத்தால் வெளிச்சமும் குரலும் மாறியிருக்கும். அப்போது நீங்கள் சோதிப்பது தொடக்கத்தை மட்டும் அல்ல.

ஏற்றுவதற்கு முன் முதல் ஃபிரேமை நிறுத்திப் பாருங்கள். கறுப்பிலிருந்து மெல்லத் தெளிவது, லோகோ சுழல்வது, பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாவற்றையும் வெட்டுங்கள். பேச்சுக்கு முன் அரை நொடி சும்மா கிடந்தால் 3 நொடியில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. திரையில் எழுத்து போடுவதாக இருந்தால் அது முதல் ஃபிரேமிலேயே முழுதாக நிற்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும் அனிமேஷன், படித்து முடிப்பதற்குள் விரலை நகர்த்திவிடும். தமிழில் இதற்கு இன்னொரு கேடும் உண்டு: சில எடிட்டிங் செயலிகளில் எழுத்து இடைவெளியைக் கூட்டினாலோ தனித்தனியாக அசைத்தாலோ கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். வரி வரியாக அசைப்பதே பாதுகாப்பு.

புதியவர்:
ஒரு ஷார்ட்ஸ் 500 பார்வையில் 60 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள். இன்னொரு தொடக்கத்துக்கு அதே 500 பார்வையில் 64. இரண்டாவதுதானே வென்றது?

கணக்குப்பிள்ளை:
இன்னும் இல்லை. நின்று பார்க்காமல் தள்ளிவிட்டவர்களை எண்ணிப் பாருங்கள்: 200, 180. இரண்டையும் கூட்டினால் 380, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 19.5, அதன் இரு மடங்கு 39. வித்தியாசம் 20தான். இரு மடங்கைத் தாண்டாத வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதே விகிதம் 2000 பார்வையிலும் நின்றால் 800, 720. வர்க்கமூலம் 39, இரு மடங்கு 78, வித்தியாசம் 80. இப்போது மயிரிழையில் தாண்டுகிறது. இரண்டு பக்கமும் பார்வை எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பகிர்வு, சேமிப்பு போன்ற சின்ன எண்களில் இன்னும் கவனம் தேவை. 10 பகிர்வுக்கு எதிராக 15 என்றால் ஒன்றரை மடங்கு என்று துள்ளுவார்கள். கூட்டல் 25, வர்க்கமூலம் 5, இரு மடங்கு 10, வித்தியாசம் 5. ஒன்றும் நிரூபணமாகவில்லை.

இன்னொரு சிக்கல்: தளம் இரண்டு வீடியோவையும் ஒரே மாதிரியான ஆட்களுக்குக் காட்டுவதில்லை. ஆகவே கணக்கு தேறினாலும் ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது 8, 10 தலைப்புகளில் எந்தத் தொடக்கம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்து, ஒரே கிழமை, ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். பிடித்த தலைப்புக்குப் பிடித்த தொடக்கத்தைக் கொடுத்துவிடும் சாய்வு நாணயத்துக்குக் கிடையாது.

யூடியூபில் பழைய வீடியோவோடு புதியதை ஒப்பிடுபவர்களுக்கு: 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், ஒரு பார்வை. அதற்கு முன் இருந்த கணக்கு இப்போது ஈடுபாட்டுப் பார்வை (engaged views) என்ற தனி எண்ணாக யூடியூபின் பகுப்பாய்வுப் பக்கத்தில் கிடைக்கிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். மொத்தப் பார்வையை எடுத்தால் வளர்ச்சி இல்லாத இடத்திலும் வளர்ச்சி தெரியும்.

வளைகோடு:
நின்று பார்த்தவர் சதவீதம் தொடக்கத்தை மட்டும்தான் சொல்லும். உள்ளே என்ன கெட்டது என்பதைப் பார்வைத் தக்கவைப்பு வளைகோடு, அதாவது எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு, சொல்லும். 3 நொடிக்குள் செங்குத்தாக விழுந்தால் தொடக்கம் பிழை. நடுவில் ஓரிடத்தில் படி போல இறங்கினால் அந்த நொடிக்குப் போய்க் கேளுங்கள். அநேகமாக அங்கே ஒரு வாக்கியம் முடிந்து 'அடுத்து' என்று தொடங்கியிருக்கும், பார்ப்பவருக்கு வெளியேறக் கதவு திறந்துவிட்டது போல. நிதானமான சரிவு என்றால் வேகம் குறைவு. மேடு தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். திரும்பப் பார்க்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் அந்த இடத்தில் அளவுக் குறிப்போ பட்டியலோ படிக்க நேரமில்லாமல் ஓடியிருந்தால் அது குறை.

வீடியோவில் சராசரியாக எவ்வளவு பார்த்தார்கள் என்ற சதவீதத்தை நீளம் வேறான வீடியோக்களுக்கிடையே ஒப்பிடவே கூடாது. 15 நொடி வீடியோவில் 90 சதவீதம் என்பது 13.5 நொடி. 40 நொடி வீடியோவில் 60 சதவீதம் என்பது 24 நொடி. எது சிறந்தது என்பது நீங்கள் எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைசி வாக்கியத்தை முதல் வாக்கியத்தோடு ஒட்டி வட்டமாகச் சுழல விட்டால் சராசரி 100 சதவீதத்தையும் தாண்டும். அதைத் திறமை என்று எண்ணுவதற்கு முன் சேமிப்பும் பகிர்வும் கூடியதா என்று பாருங்கள். விடையை ஒளித்துவைத்துத் திரும்பப் பார்க்க வைப்பது பார்ப்பவரின் நேரத்தைத் திருடுவது. அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கத்தரி:
இன்ஸ்டாகிராமில் 2024 டிசம்பரில் வந்த ட்ரையல் ரீல்ஸ் இதற்கென்றே இருக்கிறது. பின்தொடராதவர்களுக்கு மட்டும் முதலில் போகும். எண்கள் வரத் தொடங்கியதும் எல்லோருக்கும் வெளியிடலாம், அல்லது 72 மணி நேரத்துக்குள் நன்றாக ஓடினால் தானாக வெளியிடும்படி வைக்கலாம். சோதனை செய்பவர்கள் தானியங்கியை அணைத்துவைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு வடிவம் பாதியில் வேறு கூட்டத்துக்குப் போய் ஒப்பீடு கெடும்.

வேறுபாட்டைத் தேடும் முன் ஒரே வீடியோவை எதுவும் மாற்றாமல் இரண்டு ட்ரையலாகப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே வரும் இடைவெளிதான் தளத்தின் இயல்பான ஆட்டம். அதற்குள் அடங்கும் எந்த வெற்றியையும் நம்பாதீர்கள். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் பார்க்கும் நேரம், விருப்பம், பிறருக்கு அனுப்புதல் மூன்றும் முக்கியம் என்றார். பின்தொடராதவர்களைச் சென்றடைய அனுப்புதலுக்கு எடை கூடுதல். ட்ரையலில் பார்க்க வேண்டியதும் அதுவே.

ஒலிப்பெட்டி:
ஒலியைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஹெட்ஃபோனில் கலந்ததை ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள்: அடிநாதம் காணாமல் போகும், இசையின் நடுப்பகுதி மட்டும் மேலெழும்பிப் பேச்சை மூடும். பின்னணி இசை பேச்சைவிட 18 முதல் 20 டெசிபெல் கீழே இருக்கட்டும். பிறகு ஒலியை முற்றிலும் அணைத்து ஒருமுறை பாருங்கள். விஷயம் புரியவில்லை என்றால் வசன எழுத்து போதவில்லை.

எழுத்து வைக்கும் இடம்: 1080க்கு 1920 பிக்சல் வீடியோச் சட்டத்தில் மேலே 270, கீழே 670 பிக்சலை விட்டுவிடுங்கள். வலப்பக்கக் கீழ்ப்பாதியில் பொத்தான் வரிசைக்காக 150 பிக்சல் ஒதுக்குங்கள். முடிவான கோப்பை ஃபோனுக்கு அனுப்பி, வெளியிடாத வரைவாக ஏற்றித்தான் சரிபார்க்க வேண்டும். கணினித் திரையில் தெளிவாக இருக்கும் எழுத்து, கையகலத் திரையில் தளம் மேலே காட்டும் குறிப்பின் அடியில் மறைந்துகிடக்கும்.

புதியவர்:
ஏற்றும் முன்பே ஆட்களிடம் காட்டிக் கேட்கலாமா?

வளைகோடு:
கேட்காதீர்கள், பாருங்கள். ஐந்து பேரிடம் ஃபோனைக் கொடுத்து, உங்கள் வீடியோவை வேறு நான்கு வீடியோக்களுக்கு நடுவில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். எது உங்களுடையது என்று சொல்ல வேண்டாம். கட்டைவிரல் எந்த நொடியில் அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். ஐந்தில் மூன்று பேரின் விரல் ஒரே இடத்தில் அசைந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.