குளச்சல் ஐஸ் பிளான்ட்: டெஸ்ட் பண்ணும்போது நிற்கிற கம்ப்ரசர், பிரஷர் ஏறினப்போ நிற்கல

குளச்சல்காரன்:
அண்ணமாரே, எங்க அமோனியா கம்ப்ரசர்ல எச்பி கட்டவுட் (பிரஷர் அளவு மீறினா மோட்டாரை நிறுத்துற சுவிட்ச்) சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோவுல செட் பண்ணியிருக்கு. மாசாமாசம் பேனல்ல அதோட வயரைக் கழட்டிப் பாப்போம், மோட்டார் நின்னுரும், ரிஜிஸ்டர்ல ‘சரி’ன்னு எழுதிருவோம். நேத்து ராத்திரி கண்டன்சர் தண்ணி பம்ப் டிரிப் ஆயிட்டு. கேஜ் 17-ஐத் தாண்டியும் கட்டவுட் அடிக்கல. ஆபரேட்டர் கையால நிறுத்தினாரு. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டச் சொல்லுதாரு முதலாளி. மாத்தினா போதுமா?

தக்கலை இன்ஸ்ட்ருமென்ட்:
இப்போதைக்கு மாத்தாதீங்க, கம்ப்ரசரையும் ஓட்டாதீங்க. வயரைக் கழட்டிப் பாத்தா வயரும், மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கிற கான்டாக்டரும் சரியான்னு மட்டும்தான் தெரியும். பிரஷரை உணர்ற பெல்லோஸையும் அதுக்கு வர்ற சின்னக் குழாயையும் யாரும் சோதிக்கவே இல்ல. கேஜும் கட்டவுட்டும் ஒரே குழாயிலயா?

குளச்சல்காரன்:
இல்லண்ணே, தனித்தனி. கட்டவுட் குழாயில ஒரு காக்கும் (திறந்து மூடுற சின்ன வால்வு) இருக்கு.

தக்கலை இன்ஸ்ட்ருமென்ட்:
அங்கதான் சந்தேகம். காக் மூடியிருக்கும், இல்லன்னா ஆயில் கசடு அடைச்சிருக்கும். குழாயில நிக்கிற அமோனியாவை முறைப்படி வெளியேத்திட்டு, மாஸ்க் போட்டுக் கழட்டுங்க. கட்டவுட்டுக்கு ரெகுலேட்டர் வழியா நைட்ரஜன் மெதுவாக் குடுத்து, காலிபிரேட் பண்ணின கேஜ்ல எத்தனைல அடிக்குதுன்னு பாருங்க. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கமே போகக் கூடாது. கட்டவுட்டோட செட்டிங் ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி, இருந்தபடியே என்ன அளவுல அடிச்சுதுன்னு எழுதி வைங்க. சரிபண்ணின பிறகு எழுதுற அளவு பழைய கதையைச் சொல்லாது.

மார்த்தாண்டம் பிராசஸ்:
இதுக்கு ஒரு கணக்கு உண்டு. வெளியே தெரியாத பழுது 10 வருஷத்துக்கு ஒண்ணு வருதுன்னு வைங்க. வருஷம் ஒருக்கா முழு டெஸ்ட் பண்ணினா, தேவைப்படுற நேரத்துல அடிக்காம போற வாய்ப்பு சராசரியா 0.1 × 1 ÷ 2, அதாவது 20-ல் ஒண்ணு. 4 வருஷம் தொடாம விட்டா 5-ல் ஒண்ணு கிட்ட வந்துரும். ஐஇசி 61511-ங்கிற பாதுகாப்புத் தரநிலையில, ‘சில் 1’ (SIL 1)ங்கிற ஆகக் கீழ்ப் பாதுகாப்பு நிலைக்கே இந்த வாய்ப்பு 10-ல் ஒண்ணுக்குக் கீழே இருக்கணும். உங்க குழாய்க்கு மாட்டின நாள்லருந்தே டெஸ்ட் கிடையாது, மக்கா!

குளச்சல்காரன்:
பாத்துட்டோம். காக் முக்கால்வாசி மூடியிருந்து, மிச்ச வழியைக் கசடு அடைச்சிருந்து. அது போக, நைட்ரஜன்ல 18-லதான் அடிக்குது!

தக்கலை இன்ஸ்ட்ருமென்ட்:
அப்ப ரெண்டு பழுது. புதுசு மாட்டி அதே காக்கை விட்டிருந்தா மறுபடியும் இதே கூத்துதான். குழாயைச் சுத்தம் பண்ணுங்க, காக்கைத் திறந்து சீல் போடுங்க. கட்டவுட்டை 16-க்குக் கொண்டுவந்து மூணு தடவை அடிக்க விடுங்க. அளவு ஒண்ணா நிக்கலன்னா மாத்திருங்க. சேஃப்டி வால்வு பிளேட்ல இருக்கிற பிரஷரைப் பாருங்க, கட்டவுட் அதுக்கு நல்லாக் கீழேயே அடிக்கணும். உங்க பக்கம் ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் மீன்பிடித் தடைதானே, பிளான்ட் சும்மா கிடக்கும். வருஷாவருஷம் நைட்ரஜன் டெஸ்ட்டை அப்பவே வச்சுக்கிடுங்க.