ஜார்ஜ் கென்னன் மாறினாரா, வாஷிங்டன் மாறியதா?

கேள்வி:
வணக்கம். சோவியத் ஒன்றியத்தின் விரிவாக்கத்தைத் தடுத்து நிறுத்தும் கொள்கையை 1946-47இல் வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்கத் தூதர் ஜார்ஜ் கென்னன் என்று படித்தேன். ஆனால் அக்கொள்கையின் பெயரால் நடந்த வியட்நாம் போரை அவரே 1966இல் எதிர்த்தார்; 1997இல் மேற்கு நாடுகளின் படைக் கூட்டணியான நேட்டோவைக் கிழக்கே விரிவுபடுத்துவதையும் பெரும் பிழை என்று எழுதினார். வயது ஏற ஏற அவர் மனம் மாறினாரா, அல்லது அவர் சொன்னதை அரசு வேறு விதமாக எடுத்துக்கொண்டதா?

மறுமொழி 1:
இரண்டாவதுதான் என்பேன். 1946 பிப்ரவரி 22 அன்று, மாஸ்கோ தூதரகத்தின் பொறுப்பிலிருந்த கென்னன், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபடியே, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தந்தியைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து அனுப்பினார். வலுவான எதிர்ப்பைக் கண்டால் சோவியத் ஆட்சி பின்வாங்கிவிடும், ஆகவே பெரும் போரின்றியே அதைச் சமாளிக்கலாம், அதற்கு மேற்கு நாடுகளின் சமூகங்கள் உள்ளுக்குள் நலமாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியை மையமாகக் கொண்ட ரைன் பள்ளத்தாக்கு, சோவியத் ஒன்றியம், ஜப்பான் ஆகிய ஐந்து இடங்களில் மட்டுமே பெரும் போர்த் தளவாடங்களை உற்பத்தி செய்யும் தொழில் வலிமை உள்ளது என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கில் வியட்நாமுக்கு இடமே இல்லை.

மறுமொழி 2:
மேலே எழுதிய நண்பர் கென்னனைச் சற்று எளிதாக விடுவித்துவிட்டார். 1947 ஜூலையில் 'எக்ஸ்' என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையில், மாறிக்கொண்டே இருக்கும் புள்ளிகளில் எல்லாம் எதிர்விசை காட்ட வேண்டும் என்று எழுதினாரே தவிர, அது அரசியல் விசையா படை விசையா என்பதையோ, எந்தெந்த இடங்கள் முக்கியம் என்பதையோ தெளிவுபடுத்தவில்லை. வால்டர் லிப்மன் அப்போதே தம் பத்திரிகைப் பத்திகளில் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். போதாக்குறைக்கு, 1948இல் இரகசிய அரசியல் நடவடிக்கைகளுக்கென ஓர் அமைப்பை உருவாக்கியதிலும் கென்னனுக்குப் பெரும் பங்குண்டு.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தம் கருத்து திரிக்கப்படுவதைக் கண்டபோது, பதவியில் இருந்துகொண்டே அவரால் அதைத் திருத்த முடியவில்லையா?

மறுமொழி 3:
அது தலைமையைப் பொறுத்த விஷயம். 1947இல் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் கொள்கைத் திட்டக் குழுவை அமைத்து, அதைக் கென்னனிடம் ஒப்படைத்தபோது சொன்ன அறிவுரை, அற்ப விஷயங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான். குழுவின் அறிக்கைகள் நேரே அமைச்சரின் மேசைக்குப் போயின. போரால் சிதைந்த ஐரோப்பாவுக்குப் பொருளாதார உதவி அளித்த மார்ஷல் திட்டம் உருவானதும் அந்தச் சூழலில்தான். அடுத்து வந்த டீன் அச்செசன் காலத்தில், மற்றத் துறைகளின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்றானது. மனம் கசந்த கென்னன் விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு வந்த பால் நிட்சே 1950இல் பெரும் படைப்பெருக்கத்தை வலியுறுத்தும் அறிக்கையைத் தயாரித்தார். அவ்வாண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டதும் பாதுகாப்புச் செலவு சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கானது.

நாவடக்கம் இல்லாததும் அவருக்குக் குறையே. 1952இல் மாஸ்கோவில் தூதராக இருந்தபோது, அங்குள்ள வாழ்க்கையை நாஜி ஜெர்மனியில் தாம் அடைபட்டிருந்த நாட்களுடன் ஒப்பிட்டு பெர்லினில் செய்தியாளர்களிடம் பேசிப் பதவியை இழந்தார்.

1966 பிப்ரவரியில் செனட் குழுவின் முன் வியட்நாம் குறித்து அவர் சாட்சியமளித்தபோது, சிபிஎஸ் தொலைக்காட்சி நேரலையை விட்டுவிட்டுப் பழைய நகைச்சுவைத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. அதைக் கண்டித்து அதன் செய்திப் பிரிவுத் தலைவர் பிரெட் பிரெண்ட்லி பதவி விலகினார். நேட்டோ விஷயத்தில் அந்தப் பரபரப்பும் இல்லை. 1998இல் செனட் 80-19 என்ற வாக்குகளில் விரிவாக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அங்கே மட்டும் எனக்குக் கென்னனோடு முழு உடன்பாடு இல்லை. மாஸ்கோவின் மனக்கசப்பைத் துல்லியமாகக் கணித்தவர், போலந்து போன்ற நாடுகளின் நியாயமான அச்சத்துக்கு உரிய எடை கொடுக்கவில்லை.