மறு: ‘கிளியர்லி’க்கு ஒரே சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் ஆங்கிலக் கணிதப் பக்கங்களில் வரும் ‘கிளியர்லி’ (clearly) எல்லாவற்றுக்கும் ‘தெளிவாக’ என்றே போட்டுவிடலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை.

போன சனிக்கிழமை பெங்களூரு அலசூரில் அக்கா வீட்டில் இருந்தேன். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகளிடம் நாம் மொழிபெயர்த்த பயிற்சித்தாளைக் கொடுத்தேன். பள்ளியில் அவளுக்கு ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் அக்கா சொல்லிக்கொடுத்தது. “தெளிவாக, இந்த மதிப்பு பூச்சியத்தைவிடப் பெரியது” என்ற வரியில் நின்றுவிட்டாள். “தெளிவாகப் பெரியதுன்னா எவ்வளவு பெரிசு மாமா?”

அவள் கேட்டது நியாயம். ‘ஆக’ என்று முடியும் சொல் பெரும்பாலும் பயனிலையைத் தேடித்தான் போகும். நடுவில் காற்புள்ளி போட்டாலும் நிற்காது.

பேசும் விதத்தைச் சொல்லும் இடத்தில் ‘தெளிவாகப் பேசு’ அருமையாகப் பொருந்துகிறது. ரசத்தில் மண்டி அடியில் தங்க மேலே நிற்கிறதே, அதுதான் தெளிவு. கொங்குப் பக்கம் பதநீரையே தெளுவு என்பார்கள். ஆனால் ஆங்கில வாக்கியத்தின் தலையில் ‘கிளியர்லி’ வரும்போது சங்கதி வேறு. இதற்கு நிரூபணம் வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று எழுதுபவர் உறுதி சொல்கிறார்.

அந்த உறுதியைப் பயனிலைக்குப் பின்னால் வைப்பது தமிழுக்குப் பழைய பழக்கம். ‘மன்றவென் கிளவி தேற்றஞ் செய்யும்’ என்கிறது தொல்காப்பியம்; ‘மன்ற’ என்ற சொல் தேற்றம், அதாவது உறுதி, தரும் என்று பொருள். குறுந்தொகை 66-ஆம் பாட்டில், காலமல்லாத மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை ‘மடவ மன்ற’ என்கிறாள் தோழி. அறியாதவை என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் மன்ற. அந்தச் சொல்லை இனி மீட்க முடியாது. இன்று படிப்பவருக்கு மன்றம்தான் நினைவுக்கு வரும். தேற்றம் என்ற சொல்லோ பிதாகரஸ் தேற்றம் போன்ற நிறுவிய கூற்றுகளுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த இடம், வாக்கியத்தின் கடைசி, இன்னும் நம்மிடம் இருக்கிறது.

அதனால் என் பரிந்துரை ‘என்பது வெளிப்படை’. “இந்த மதிப்பு பூச்சியத்தைவிடப் பெரியது என்பது வெளிப்படை.” நேரடியாகச் சொன்னதைக் குறிக்கும் ‘எக்ஸ்பிளிசிட்’டுக்கு (explicit) ‘வெளிப்படையாக’ என்று எழுதுகிறோமே, குழம்பாதா என்று கேட்பீர்கள். ‘ஆக’ சேர்க்காமல், கடைசியில் மட்டும் வைத்தால் குழம்பாது. வெள்ளிடைமலை எனக்கு மிகப் பிடித்த சொல்தான், ஆனால் பயிற்சித்தாளுக்குக் கனம் அதிகம்.

கணிதத்துக்கு வெளியே ‘தெரிகிறது’ போதும்: “அவர் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.”

வரியை மாற்றி எழுதி மறுபடி காட்டினேன். “ஏன் வெளிப்படை?” என்றாள். பிறகு தாளைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: “வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழே போகாது, மேலே ஒண்ணு வேற கூட்டியிருக்கு.”

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கிளியர்லி’யை, விதத்தைச் சொல்வது ஒன்று, உறுதி சொல்வது ஒன்று என இரண்டு பதிவுகளாகப் பிரிக்கலாமா?